எக்ஸ்ரேயில் விழாத வலி

சுடலைமணி சாப்பிட உட்கார்ந்தவன் ஃபேன் சுவிட்சைத் தட்டினான். அவ்வளவுதான். இட்லி வைக்க வந்த தேன்மொழி, "யம்மா!" என்று அலறிக்கொண்டு வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். தட்டு கீழே விழுந்து உருண்டது.

"என்னளா? காத்து பட்டாக்கூட வலிக்குமோ?"

"வலிக்குங்க. தீய வச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கு."

"ரெண்டு இட்லியை நிம்மதியாத் திங்க விடுதியா நீ?" என்று அவன் கையை உதறிக்கொண்டு எழுந்து போனான்.

களக்காட்டில் வாழைக்காய் வியாபாரம் அவனுக்கு. பச்சைக் காயாக வரும் குலைகளை அறையில் அடுக்கி, புகை போட்டுப் பழுக்க வைத்து விற்பான். குலையில் உள்ளங்கையை வைத்தானென்றால் போதும், சூடு ஏறிவிட்டதா, இன்னும் கிடக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவான். ஊரே அவன் கையை மெச்சும். அந்தக் கெட்டிக்காரனுக்குத்தான் சொந்தப் பெண்டாட்டியின் கையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

கார்த்திகை மழையில் வாழைத் தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் தேன்மொழி. மாவுக்கட்டுப் போட்டார்கள். தையில் கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார்கள். வலி இருந்தால் உடனே திரும்ப வரவேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் பாதியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்ட சுடலைமணி, இரண்டாம் பாதியை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான்.

கட்டுப் பிரித்த பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. கை சிவந்து வீங்கிச் சுட்டது. கொஞ்ச நாளில் அதே கை நீலம் பாரித்து, பளபளவென்று மினுங்கி, சும்மா இருக்கும்போதே வேர்த்தது. சேலை உரசினாலும் துடித்தாள். மாமியார் ஆவுடைத்தாய் நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு தேய்க்க வந்தாள். தொடவே விடவில்லை மருமகள். அதில் கிழவிக்கு வந்ததே கோபம்!

"உன்னப் பெத்த வலி ஆறுமுன்ன நெல்லு அவிச்சவ நான். கூடுன எலும்பு எப்படில நோவும்? வேலைக்குக் கள்ளம் பண்ணுதா."

சுடலைமணி அந்த எக்ஸ்ரே படத்தைக் கடைக்கே கொண்டுபோய்விட்டான். யாராவது "வீட்டுல எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, "பாரும் வே, எங்கயாவது கீறல் தெரியுதா?" என்பான். எதிர்த்த டீக்கடை ஞானையா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "ஒண்ணும் இல்லையே மணி, சுத்தமாக் கூடிட்டு" என்பார். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் டாக்டராகி, எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நடிக்கிறாள். இப்படியொரு அநியாயம் எந்த ஊரிலாவது உண்டா? வலிக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் ஆவுடைத்தாய் கறாராகச் சொன்னாள். "அவளக் கொண்டு ராதாபுரத்துல அவ ஆத்தா வீட்டுல விடு. கை நல்லானா வரட்டும். இல்லன்னா அங்கனயே இருக்கட்டும்."

அவனும் சரி என்றான். தேன்மொழி இரண்டு சேலையைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கில் ஏறினாள். வாழாவெட்டி என்ற பேரோடு அம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது.

வள்ளியூர் தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. பனைகளுக்கு நடுவே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றுப் படாமல் வலது கையைப் பையால் மறைத்தபடி, இடது கையால் வண்டியின் பின்கம்பியைப் பிடித்திருந்தாள். திடீரென்று ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. கம்பியை விட்டுவிட்டாள். விழாமலிருக்க, வலது கையால் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

சுடலைமணி பிரேக்கை அழுத்தினான். அவனைத் தூக்கிவாரிப் போட்டது கதறல் இல்லை. கொதிக்கிற பிடரியில் ஐஸ்கட்டியை வைத்தது போல் பட்ட அந்தக் கை.

"தெரியாமப் பிடிச்சுட்டேங்க. இல்லன்னா விழுந்திருப்பேன்" என்று அழுகையோடு சொன்னாள். வலியில் துடிக்கிறவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! வண்டியை ஓரங்கட்டி இறங்கினான்.

"இடது கையைக் குடு." வெயிலுக்கு ஏற்ற சூட்டில் இருந்தது. "இப்பம் அந்தக் கையை. பைய நீட்டு."

பயந்துகொண்டே ஒரு விரலை மட்டும் நீட்டினாள். தொட்டும் தொடாமலும் பார்த்தான். சில்லென்றிருந்தது. ஒரே உடம்பு, ஒரே வெயில், ஒரு கை சூடு, ஒரு கை குளிர்ச்சி. இதை எப்படி நடிக்க முடியும்?

"எப்பயிருந்துளா இப்படி?"

"முதல்ல சுட்டுது, சொன்னேன். பொறவு சில்லுன்னு ஆச்சு, அதையும் சொன்னேன். நீங்க படத்தத்தான் பாத்தீங்க. என் கையப் பாக்கவே இல்லியே. கை வலியவிட அதுதாங்க எனக்கு வலிச்சுது."

வண்டியைத் திருப்பினான். நேரே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி.

வலிக்கென்று தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் பார்கவி, இரண்டு கையின் சூட்டையும் தனித்தனியாக அளந்தார். பஞ்சு நுனியால் லேசாகத் தொட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுச் சுடலைமணியைப் பார்த்தார்.

"தோலுக்கு அடியில இருக்கிற ரத்தக்குழாய் எப்ப விரியணும், எப்ப சுருங்கணும்னு நரம்புதான் சொல்லும். அடிபட்ட பிறகு சில பேருக்கு அந்த நரம்பு தாறுமாறாகிடும். உங்க பக்கத்துல வாய்க்கால் மடை உண்டுல்ல? மடையைப் பார்க்கிறவன் நிதானம் தப்பினா எப்படி இருக்கும்? ஒரு நேரம் வெள்ளமாப் பாயும், ஒரு நேரம் சொட்டு வராது. ரத்தம் கூடுதலாப் பாஞ்சப்ப கை சிவந்து சுட்டுது. இப்ப குறைஞ்சுபோய் நீலமாகிச் சில்லிடுது. அதே நரம்புதான் காத்துப் பட்டாலும் வலின்னு கத்துது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இதைக் காட்டாது."

"சரியாயிருமா டாக்டரம்மா?"

"நல்லா முன்னேற்றம் வரும். முழுசாச் சரியாகும்னு எல்லாருக்கும் சொல்ல முடியாது. இன்னும் நாள் கடத்தியிருந்தா விரல் மடங்கி அப்படியே நின்னிருக்கும். மாத்திரை தர்றேன், பயிற்சி சொல்லித் தர்றேன். பொத்திப் பொத்தி வைக்கக் கூடாது. பலவந்தமாத் தேய்க்கவும் கூடாது."

வீட்டு வாசலில் மருமகளைப் பார்த்ததும் ஆவுடைத்தாய், "என்னல, போன வேகத்துல திரும்பிட்ட?" என்று ஆரம்பித்தாள். சுடலைமணி தாயை உட்கார வைத்து எல்லாம் சொன்னான். அவள் நம்பாமல் உதட்டைப் பிதுக்கினாள். தேன்மொழியே விரலை நீட்டினாள். தொட்டுப் பார்த்த கிழவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் மருமகளுக்கு முன்பே எழுந்து பாத்திரம் விளக்கினாள்.

அதிலிருந்து கடைக்குப் போகுமுன் சுடலைமணி பஞ்சாலும், பிறகு மெல்லிய துணியாலும் அந்தக் கையைத் தடவிக் கொடுப்பான். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டுவாள் தேன்மொழி. சில நாள் அழுவாள். சில நாள் சிரிப்பாள். மெல்ல மெல்லக் கையில் சூடு வந்தது. நிறமும் திரும்பியது. ஃபேன் காற்று பழகிவிட்டது.

ஆடியில் கோயில் கொடைத் திருவிழா. பொங்கல் பானைக்கு முன்னால் தேன்மொழி அகப்பையை வலது கையிலேயே பிடித்துக் கிண்டினாள். கொஞ்ச நேரத்தில் வலி எடுத்தது. நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துப் பானைக்காரி சிரித்தாள். "பாத்தா நல்லாத்தான இருக்கு கை? வேலையக் கண்டதும் வலி வந்துட்டாக்கும்?"

சுடலைமணி வாயைத் திறக்குமுன் ஆவுடைத்தாய் மருமகளின் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள்.

"நானும் இப்படித்தான் பேசுனேன் தாயி. நாங்க நம்பாம விட்டதுல ஒரு கையே போகப் பாத்துது. வலிங்கது பாத்தாத் தெரியாது, சொன்னாத்தான் தெரியும். வலிக்குன்னு ஒருத்தி சொன்னா முதல்ல நம்பணும். மருந்தெல்லாம் அதுக்குப் பொறவுதான்."