பனிமூட்டத்தில் காட்டிய வீடு

கண் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று மிக்தாலியா மூன்றாவது தடவையாகச் சொன்னபோது வில்ஃப்ரெடோவுக்குப் பொறுமை போய்விட்டது. முதல் தடவை ஜலதோஷம் என்றாள். அடுத்த தடவை, கெட்ட கனவு கண்டேன் என்றாள். இனியும் தள்ளிப்போட்டால் புரை முற்றிவிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லியாயிற்று. இவளோ அடுப்படி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இப்ப என்ன சாக்கு?"

"சாக்கு ஒண்ணுமில்ல. வேணாம்னா வேணாம்."

"நேத்து காப்பியில சர்க்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுக் குடுத்த. நானும் குடிச்சேன்."

"குடிச்சியே, செத்தா போயிட்ட?"

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் புரூக்ளினில், மேட்டுத் தெருவில், மிக்தாலியாவின் அம்மா வீடு அது. கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் குடியேறியதும் அங்கேதான். துறைமுகத்துக்கு அப்பால் அந்த இரட்டைக் கோபுரங்கள் இரண்டும் ஜன்னலில் தெரியும். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே, "என்ன, ரெண்டு பேரும் எழுந்தாச்சா?" என்று அவற்றைக் கேட்பாள். உச்சியில் கம்பம் நிற்கிற கோபுரம் வில்ஃப்ரெடோவாம், மற்றது இவளாம். இருபது வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. கோபுரங்கள் இடிந்து விழுந்த அந்தச் செப்டம்பருக்குப் பிறகு ஜன்னலுக்குத் திரை போட்டாள், கெட்டித் திரை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தாளே தவிர, அதை ஒரு நாளும் விலக்கவில்லை.

இப்போதுதான் வில்ஃப்ரெடோ கவனித்தான். திரையைக் காணோம்.

"திரை எங்கடி?"

"துவைச்சு மடிச்சு வெச்சிட்டேன். ஒரு வருஷமாச்சு. நீ இன்னைக்குத்தான் பாக்குற."

கண் மங்கத் தொடங்கியதும் ஒரு வருஷம் முன்புதான். அவன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வெள்ளையாத்தான் தெரியுது எல்லாம்," என்றாள் அவள். "நீயும் நானும் கோபுரத்து மேல போனோமே, அன்னைக்கு மாதிரி. அன்னைக்கு எதுவும் தெரியாட்டியும் எல்லாம் இருந்துச்சு இல்ல? இப்பவும் அந்த வெள்ளைக்குப் பின்னாடி ரெண்டும் நிக்கிறதா நெனைச்சுக்குறேன். கண்ணைச் சரி பண்ணினா அது போயிரும்."

பாவி மனுஷி, இதையா இத்தனை நாள் மனசில் பூட்டி வைத்திருந்தாள்!

அந்த நாள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மிக்தாலியா சொல்லிவிடுவாள். எழுபத்தொன்பது பிப்ரவரி. அவன் பஸ் ஓட்ட வந்து இரண்டு மாதம். ஊர்க்காரன் எவன் போவான் கட்டடம் பார்க்க? ஆனால் பையில் மோதிரம் இருந்தது. "மேல ஒண்ணும் தெரியாது, வீணாப் போகாதீங்க," என்று டிக்கெட் கொடுப்பவள் சொல்லியும் கேட்காமல் போனார்கள். நூற்றேழாவது மாடி. கண்ணாடிக்கு வெளியே பால் மாதிரி பனிமூட்டம். அவன் அசரவில்லை. விரலை நீட்டி, "அதோ உங்க வீடு. உங்கம்மா மாடியில துணி காயப்போடுறாங்க. பச்சைப் போர்வை," என்றானாம். இவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். இந்தப் பனியிலும் எங்க வீட்டைக் கண்டுபிடிக்கிறவன் எந்தக் காலத்திலும் வழி தவற மாட்டான் என்று மோதிரத்துக்கு விரலை நீட்டினாளாம்.

வில்ஃப்ரெடோ ஒரு தடவை செருமினான்.

"மிக்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஜன்னல் கட்டையில என் தொப்பியைக் கழட்டி வெச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"கீழ வர்ற வரைக்கும் எடுக்கவே இல்ல. மரியாதைக்காரன்னு நெனைச்சேன்."

"மரியாதையாவது மண்ணாவது! அந்தக் கட்டையில படம் வரைஞ்சு, அந்தப் பக்கம் என்ன ஊர் தெரியும்னு எழுதியிருந்தான். மோதிரத்தப் போட்டப்புறம்தான் படிச்சேன். நீ பாக்காம இருக்கத் தொப்பிய வெச்சு மூடிட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"நியூ ஜெர்சி. உங்க வீடு இருக்குறதுக்கு நேர் எதிர்ப்பக்கம்."

மிக்தாலியா கையில் இருந்த துண்டால் அவனை வெளுத்து வாங்கினாள்.

"மாதாவே! எங்கம்மாவை ஜெர்சியில கொண்டுபோய்த் துணி காயப்போட வெச்சியா? நாப்பத்திரண்டு வருஷம்! பஸ் ஓட்டினவன்! உன்னை நம்பி எத்தனை சனம் ஏறிச்சோ!"

"அன்னைக்கு எதையும் பாக்காமத்தான சரின்ன. அந்தக் கோபுரம் போனாலும் அந்தச் சரி போகலையே. எனக்காக வாடி. உன் கண்ணு இல்லாம எனக்குப் பயமா இருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். துண்டை மடியில் போட்டு மடித்தாள்.

"வர்றேன். உன்னை நம்பி இனிமே ஒரு திசையும் பாக்க முடியாது."

வியாழக்கிழமை ஆபரேஷன் அரை மணியில் முடிந்தது. மறுநாள் கண்கட்டை அவிழ்த்த பிறகு வீட்டுக்கு வந்தார்கள். முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். "அடப்பாவி, மீசை எப்ப இவ்வளவு வெளுத்துச்சு?" என்றாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். துறைமுகத்துக்கு அப்பால் புதுக் கட்டடம் ஒன்று வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.

"ஒத்தையா நிக்குதே, பாவம்," என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே விட்டாள்.

"காட்டு. ரெண்டும் எங்க நின்னுச்சுன்னு காட்டு. இந்தத் தடவையாவது ஒழுங்கா."

வில்ஃப்ரெடோ கையை நீட்டினான். மிக்தாலியா அவன் மணிக்கட்டைப் பிடித்து, ஓர் அங்குலம் நகர்த்தினாள்.

"அங்க இல்ல, கிழவா. இங்க. நீ இங்க நின்ன."