வாய் மேலே பார்க்க வேண்டும்

பழனியம்மாளின் ஜீப் எஞ்சின் தயாராகிவிட்டது. புது பிஸ்டன், புது கனெக்டிங் ராடு போட்டு, கிராங்கைக் கடைந்து, மெக்கானிக் தனசேகரன் மூன்று வாரம் பாடுபட்டுக் கட்டி முடித்திருந்தார். இனி வண்டியில் ஏற்றி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. பழனியம்மாள்தான் மாட்ட விடவில்லை.

"இதோட வாய் கீழ பாத்துக்கினு இருக்குது. மேல திருப்பிக் குடுங்கண்ணா, அப்புறம் மாட்டலாம்."

அவள் மடியில் வைத்திருந்தது இன்டேக் மேனிபோல்டு. வெளிக்காற்றை ஒரு வாயால் வாங்கி நாலு சிலிண்டருக்கும் பிரித்துவிடும் அலுமினிய உறுப்பு. கள்ளக்குறிச்சியில் இருபத்தைந்து வருஷமாக வண்டி பார்க்கும் தனசேகரனிடம் இப்படி ஒரு வேலையை யாரும் கேட்டதில்லை.

"கம்பெனிக்காரன் இன்னா தெரியாமயா இப்பிடி வெச்சிருக்கான்?"

"கம்பெனிக்காரன் எங்க ஓடைய பாத்தானாங்க?"

கல்வராயன் மலையில் தார் ரோடு முடியும் இடத்திலிருந்து பழனியம்மாளின் ஊரான ஈச்சங்காட்டுக்கு ஆறு கிலோமீட்டர். நடுவில் ஓர் ஓடை, பாலம் கிடையாது. கணவன் செல்லன் கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக அந்த வழியில் ஜீப் ஓட்டுகிறவள் பழனியம்மாள். மூட்டைகள், ரேஷன் அரிசி, சந்தைக்குப் போகிறவர்கள், நோயாளிகள் எல்லாம் அவள் வண்டியில்தான்.

போன ஐப்பசியில் ஊரில் நிறைமாதமாக இருந்த பாப்பாத்திக்குப் பிரசவ வலி கண்டது. மழை விட்டிருந்தாலும் ஓடையில் தண்ணீர் வடியவில்லை. பாதி ஓடையில் எஞ்சின் தண்ணீரைக் குடித்து, ஒரு முறை உதறி நின்றுவிட்டது. நாலு பேர் கம்பளியில் தூளி கட்டி பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார்கள். ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஊரில் ஒருவரும் பழனியம்மாளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ இன்னாக்கா பண்ணுவ" என்று பாப்பாத்தியே சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பழனியம்மாளுக்கு.

எஞ்சினைப் பிரித்தபோது தனசேகரன் வளைந்துபோன ராடை எடுத்துக் காட்டினார். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்று அவள் கேட்டாள். பேட்டரிக்குப் பக்கத்தில் தாழ்வாக இருந்த ஏர் பில்டர், அங்கிருந்து ஒரு ரப்பர் ஹோஸ், அது வந்து சேரும் மேனிபோல்டின் வாய் என்று அவர் காட்டிக்கொண்டே போக, அவள் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். அன்றைக்குப் பிடித்த பிடிதான் இது.

"பில்டர மேல தூக்கி வெச்சி நீட்டு ஹோஸ் போட்டுடறேன். போதும்மா."

"வாய் கீழ பாத்தா ஹோஸும் கீழ எறங்கித்தான ஏறணும்? ஹோஸ இறுக்கற கிளாம்ப்பு தண்ணிக்குள்ள கெடக்கும். எங்க ரோட்டு குலுக்கல்ல அது லூசாயிட்டா திரும்பவும் தண்ணிய குடிச்சிரும்."

தனசேகரன் மேனிபோல்டை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். அவள் சொல்வதில் தப்பில்லை.

சின்னசேலத்தில் ஆர்கான் வெல்டிங் வைக்கும் சிவசங்கரிடம் போனார்கள். அவன் வாயை அறுத்து, மேல்நோக்கித் திருப்பி ஒட்ட வைத்தான். திரும்பி வந்து, ஓட்டைகளை ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்றடித்து, பஞ்சர் பார்ப்பதுபோல் தண்ணீர் டிரம்மில் முக்கினார் தனசேகரன். ஒட்டிய இடமெங்கும் குமிழி கிளம்பியது. வருஷக்கணக்கில் எண்ணெய் ஊறிய அலுமினியத்தில் பற்று சரியாகப் பிடிக்கவில்லை. அது மட்டுமா? எஞ்சினோடு பொருந்த வேண்டிய முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் கோணிவிட்டது.

"நடுவுல வெக்கிற கேஸ்கட்டு மேல பேஸ்ட்ட ஜாஸ்தியா பூசி இறுக்கிடலாம்" என்றார் தனசேகரன்.

"சந்துல புழுதி போனா புது பிஸ்டன் தேஞ்சிடும்னு போன வாரம் நீங்கதானண்ணா சொன்னீங்க?"

 தனசேகரன் அந்த மேனிபோல்டை ஒரு மூலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் பழனியம்மாள் ஒரு காயலாங்கடை விடாமல் ஏறி இறங்கினாள். நாலாவது கடையில் அதே மாதிரி மேனிபோல்டு கிடைத்தது. எஞ்சினில் மேனிபோல்டு மாட்டும் பாகமான, விரிசல் விட்ட ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டோடு துருப்பிடித்து ஒட்டிக் கிடந்ததால் அப்படியே ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தனசேகரன் போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரை வைத்தார்.

"இருங்க. எண்ணெய் போக கழுவினதும் இத இப்பிடியே திரும்ப மாட்டிடலாமா? ஹெட்டோட சேத்து இறுக்கி வெச்சே வெல்டிங் வெச்சா கோணாதுல்ல?"

ஸ்பேனர் அப்படியே நின்றது. "கோணாது" என்றார் தனசேகரன்.

மேனிபோல்டைக் கழற்றி, சலவை சோடா போட்ட வெந்நீரில் எண்ணெய் போகக் கழுவி, மறுபடி அந்த ஹெட்டில் வைத்து இறுக்கினார்கள். பஸ்ஸில் அதைத் தூக்கி வைத்தபோது கண்டக்டர் முகம் சுளித்தார். சிவசங்கரும் சுளித்தான்.

"சூட்ட பூரா இந்த இரும்பு இழுத்துக்கும்கா. பத்து மடங்கு நேரம் ஆவும்."

"ஆவட்டும்பா. நான் வூட்டுக்கு போறதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவன் இதன் வாயையும் அறுத்து மேலே திருப்பி வைத்து, கேஸ் விளக்கால் நெடுநேரம் சூடேற்றிவிட்டுத்தான் வெல்டிங்கைத் தொடங்கினான். முடிந்ததும் போல்ட்டைக் கழற்ற வந்தவனை அவள் தடுத்தாள். கை வைத்தால் சுடாத வரைக்கும் கழற்றக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அப்படியும் மேனிபோல்டின் முகத்தில் மயிரிழை மேடு இருந்தது. ஒர்க் ஷாப்பில் ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கிடத்தி, அதன்மேல் எமரி பேப்பரை விரித்து, பழனியம்மாளே மேனிபோல்டை வைத்துத் தேய்த்தாள். எட்டு எழுதுவதுபோல் தேய்க்க வேண்டும், ஒரே பக்கம் அழுத்தக்கூடாது என்று தனசேகரன் சொல்லிவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். காலையில் தொடங்கியவள் மத்தியானச் சோறும் உண்ணவில்லை. சாயங்காலம் அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்; அடியில் வெளிச்சம் தெரியவில்லை. டிரம்மில் முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. அவள் தேய்ந்த விரல்களை அந்தத் தண்ணீரிலேயே நனைத்துக்கொண்டாள்.

வாய் மேலே பார்க்க எஞ்சின் வண்டியில் ஏறியது. பானட்டின் பக்கத்தை வெட்டிக் குழாயை வெளியே எடுத்து, முன்கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்கு ஏற்றினார்கள். ஏர் பில்டர் குழாயின் உச்சியில் உட்கார்ந்தது.

புரட்டாசியில் முதல் வெள்ளம் வந்தது. ஜீப்பில் ரேஷன் அரிசி மூட்டைகளும் மூன்று பேரும். கரையில் இன்னொரு ஜீப்காரன் முருகன், தண்ணீர் வடியட்டும் என்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

பழனியம்மாள் இறங்கி, கோலால் ஆழம் பார்த்துக்கொண்டே பாதி ஓடை வரைக்கும் நடந்தாள். இடுப்புக்கு மேல் ஏறவில்லை, இழுப்பும் கம்மி. திரும்பி வந்து, ரேடியேட்டர் பேன் தண்ணீரை வாரி அடிக்காமலிருக்க பெல்ட்டைக் கழற்றினாள்.

"எல்லாரும் எறங்குங்க. மூட்டையும் எறக்கிடுங்க. மொதல்ல நான் மட்டும் போய்ட்டு வரேன்."

நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டு, முதல் கியரில் மெல்ல இறக்கினாள். பானட்டின் மேல் தண்ணீர் ஏறியது. பாதி ஓடையில் முன்சக்கரம் ஒரு பாறையில் வழுக்கியது; வண்டி நகராமல் நின்றது.  அன்று பாப்பாத்தி படுத்திருந்த பின் இருக்கையைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியதை அடக்கிக்கொண்டு, ஆக்சிலேட்டரில் இருந்த காலை எடுக்காமல் காத்திருந்தாள். காதருகே குழாய் விசிலடிப்பதுபோல் காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. சக்கரம் பாறையைக் கவ்வியது.

அக்கரை ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, ஹோஸைக் கழற்றி மேனிபோல்டின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். உலர்ந்திருந்தது.  

பிறகு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்தாள். முருகன் குழாயைத் தட்டிப் பார்த்தான்.

"இந்த குழாய வெச்சிட்டா போதுமாக்கா?"

"குழாய் மட்டும் போதாதுடா. உள்ள வாய திருப்பணும். வெள்ளிக்கிழமை வண்டிய கள்ளக்குறிச்சிக்கு எறக்கு, நானும் வரேன். தேய்க்கறது நீதான், சொல்லிட்டேன்."

இறக்கிய அரிசியை மறுபடி ஏற்ற, மூட்டையைப் பிடிக்கச் சொல்லி அவனைக் கூப்பிட்டாள்.