கிரகணத்தில் கழன்ற கம்பி

மருதப்பன் மேடை ஏறினால் ராகுவும் கேதுவும் ஊரைவிட்டு ஓடவேண்டியதுதான். பகலெல்லாம் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல் சாமான் கணக்கு எழுதுகிற மனிதர், மாலையானால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு சீர்திருத்தக் கூட்டங்களில் மூடநம்பிக்கையைக் கிழி கிழியென்று கிழிப்பார். ஐம்பத்தெட்டாம் ஆண்டு சித்திரை பிறந்த கையோடு சூரிய கிரகணம் வருகிறது என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஃபேரர் பார்க் பக்கம் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்.

"கிரகணத்தின்போது கர்ப்பிணிப் பெண் வெளியே வரக்கூடாதாம், தோழர்களே. என் துணைவியாருக்கு இது ஏழாவது மாதம். அன்று அவர் வீட்டில் ஒளிந்திருக்க மாட்டார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பார். வந்து பாருங்கள்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த துணைவியார் சிவகாமசுந்தரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் திரும்பி அவளுடைய வயிற்றைத்தான் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்துவைத்தாள். 

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சிவகாமசுந்தரி வானவெளி ஆராய்ச்சியில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பூமிக்கு வெகு உயரத்தில் வெயில் பட்டு மின்னேறிய காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. கீழேயிருந்து ரேடியோ அலையை அனுப்பினால் அதில் மோதித் திரும்பி வரும். நிலா சூரியனை மறைக்கும்போது அந்த அடுக்கு என்ன பாடு படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆய்வின் உயிர்நாடி. முந்தைய ஆண்டு ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக்கை விட்டதிலிருந்து உலகம் முழுக்க இதே பேச்சாக இருந்தது. இந்தக் கிரகணத்தைக் கோட்டை விட்டால் ஆய்வேட்டில் நடுவில் பெரிய ஓட்டைதான் இருக்கும். இங்கே அடுத்த நல்ல கிரகணம் வரும்வரை உபகாரச் சம்பளம் காத்திருக்காது. ஆக, அவள் போகத்தான் வேண்டும். புருஷன் மேடையில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

ஆனால் பயம் என்று ஒன்று இருக்கிறதே. ஏற்கெனவே இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. கீழ்வீட்டு ரத்தினம்மா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். "புள்ளத்தாச்சி மேல கிரகண வெளிச்சம் பட்டா, புள்ளைக்கு உதடு பிளந்துதான் பொறக்கும்மா. கிரகணமூளின்னு சும்மாவா பேரு வச்சாங்க? மார்க்கெட்டுல பூக்கட்டுறாளே கண்மணி, அவ மகனைப் பாரு." சிவகாமசுந்தரி அந்தப் பையனைப் பார்த்திருக்கிறாள். மேலுதடு மூக்குவரை பிளந்திருக்கும். நல்ல பையன், பார்த்தால் சிரிப்பான். கண்மணி மட்டும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கிரகணத்தன்று வாசலில் நின்று பூ விற்றாளாம். பெற்றவளே பிள்ளையைக் கெடுத்தாள் என்று தெருவே சொல்லும்.

மருத்துவ நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டியும் பார்த்துவிட்டாள். கருவில் குழந்தையின் உதடு மூன்றாம் மாதத்துக்குள்ளேயே கூடிவிடுகிறது. ஏழாம் மாதத்தில் எந்த வெளிச்சமும் அதைப் பிளக்க முடியாது. படித்தது தலையில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது, இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

கிரகணம் நெருங்க நெருங்க மருதப்பனின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அன்று காலை அவள் புறப்படும்போது, லீவு போட்டிருப்பதாகவும் துணைக்கு வருவதாகவும் சொன்னார். அவள் மறுக்கவில்லை. கருவியைக் கவனித்துக்கொள்ளும் காதர் மைதீன் நோன்புப் பெருநாளுக்கு மலாக்கா போய்விட்டான். பேராசிரியர் இன்னொரு கருவியோடு கிரகணம் வளையமாகத் தெரியும் சயாம் பக்கம் போயிருந்தார். அவள் தனி ஆள்.

புக்கிட் தீமா வளாகத்தின் பின்புறம், தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதுதான் கருவி அறை. உள்ளே படச்சுருள் ஓடுவதால் ஜன்னலே கிடையாது, கதவை மூடினால் கும்மிருட்டு. ஒரு சின்ன சிவப்பு விளக்கும், பச்சைத் திரை ஒன்றும் மட்டும் எரியும். அனுப்பிய அலை திரும்பி வந்தால் திரையில் ஒரு கோடு வளைந்து எழும். அதைப் படச்சுருள் பதிந்துகொள்ளும். அவள் வேலை சுருளை மாற்றுவதும், கோடு மங்காமல் பார்த்துக்கொள்வதும்.

கதவைச் சாத்தியதும் மருதப்பன் ஒரு சாக்கை மடித்துக் கதவின் அடியில் செருகினார். வெளிச்சம் வந்தால் ஃபிலிம் கெட்டுப்போகும் என்றார். ஃபிலிமைப் பற்றி அவருக்கு என்ன கவலை? குனிந்தபோது அவருடைய சட்டைப்பையிலிருந்து தர்ப்பைப் புல் எட்டிப் பார்த்தது. எந்தக் கோயில் ஐயரிடம், எந்தச் சந்து வழியாகப் போய் வாங்கினாரோ. வேறொரு நாளாக இருந்தால் சிவகாமசுந்தரி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. இவருக்கே பயம் என்றால் எனக்கு யார் தைரியம் சொல்லுவார்கள் என்றுதான் நினைத்தாள்.

"அதை இங்க குடுங்க" என்றாள்.

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு படித்த மனிதர்கள் அந்த இருட்டில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். யோசித்தால், ரத்தினம்மா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

கிரகணம் பிடித்தது. திரையில் கோடு மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. மேலே அந்த அடுக்கு வலுவிழக்கிறது. அவள் எதிர்பார்த்தது அப்படியே கண்ணெதிரே நடந்தது. கொஞ்ச நேரம் பயத்தையே மறந்துபோனாள். அப்போதுதான் கோடு சட்டென்று மறைந்தது. திரை வெறும் பச்சையாக நின்றது.

விசைகளைத் திருகிப் பார்த்தாள். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் வெளியே கம்பத்திலிருந்து சுவருக்கு வரும் கம்பி விட்டுப்போயிருக்கிறது.  மறைப்பு உச்சத்தைத் தொட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த உச்சம் பதியாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

"என்ன ஆச்சு?" என்றார் மருதப்பன்.

"வெளிய கம்பி கழண்டிருச்சு. கரண்ட்ட ஆஃப் பண்ணிட்டேன். நீங்க போய் மாட்டுங்க. சுவருல பெட்டி இருக்கும், திருகு இருக்கும். கம்பிய வச்சு முடுக்கினா போதும்லா."

அவர் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, வெளியே போய், உடனே சாத்தினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, வயிற்றை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றாள். வெளியே அவர் முணுமுணுப்பது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்வை.

"திருகு கை தவறிப் புல்லுல விழுந்திருச்சு. தேடித் தேடிப் பாத்தேன். கிடைக்கல சிவகாமி."

திருகு இல்லாவிட்டால் கம்பியைச் சுரண்டி, பெட்டிக் கம்பியோடு முறுக்கி, ஒட்டுப்பட்டை சுற்றிக் கட்ட வேண்டும். பழகிய கைக்குத்தான் அது வரும். அவருக்குச் சொல்லிக் கொடுத்து முடிப்பதற்குள் கிரகணமே விட்டுப்போகும். அவள் கத்தியையும் பட்டையையும் எடுத்தாள். மருதப்பன் கதவை மறித்து நின்றார்.

"வேணாம்."

"மேடையில சொன்னீங்களே."

"மேடை வேற. இது நம்ம புள்ள."

"என் படிப்பு?"

 அவர் வழி விடவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போகாதே என்று அவர் இன்னும் ஒரு தடவை சொல்லியிருந்தால் நின்றுகூட இருப்பாள். அவ்வளவு பயம். ஆனால் அவர் சொல்லவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நான் போடுங்கன்னு சொன்னப்புறம்தான் அந்தக் கறுப்பு விசையைப் போடணும். அதுக்கு முன்னாடி தொட்டீங்கன்னா எனக்கு ஷாக் அடிச்சிரும். கேட்குதா?"

வெளியே வெயில் இருந்தது, ஆனால் வெயில் மாதிரி இல்லை. சாம்பல் தூவியதுபோல ஒரு வெளிச்சம். மைனாக்கள் சத்தம் நின்றுபோயிருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் இலை இடுக்கு வழியாகத் தரையெங்கும் சின்னச் சின்னப் பிறைகள் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றும் கடித்துவைத்த அப்பளம் மாதிரி. இலை இடுக்குகள் ஊசித்துளை போல வேலை செய்து சூரியனின் உருவத்தைக் காட்டுகின்றன என்று அவளுக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறாள். சுவர்ப்பெட்டியிடம் போய் நின்றதும் அந்தப் பிறைகள் அவள் வயிற்றின்மேல் ஏறின. சேலையில் ஏழெட்டுப் பிறைகள் ஆடிக்கொண்டிருந்தன. 

முந்தானையால் மூடப் பார்த்தாள். கம்பியைச் சுரண்ட இரண்டு கையும் வேண்டும். முந்தானை நழுவியது. மறுபடி இழுத்தாள். மறுபடி நழுவியது. அப்புறம் விட்டுவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு செம்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள். உள்ளே குழந்தை ஒரு உதை விட்டது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று வாய்விட்டுச் சொன்னாள். இரண்டு முனைகளையும் முறுக்கினாள். உள்ளே இருக்கிறவர் பதற்றத்தில் விசையைத் தட்டிவிடுவாரோ என்று ஒரு பக்கம் உயிர் துடித்தது. பட்டையைச் சுற்றினாள்.

"போடுங்க."

உள்ளிருந்து அவர் குரல் உடைந்து வந்தது. "வந்துருச்சு. கோடு வந்துருச்சு."

ஓடிவந்து கதவைச் சாத்தினாள். திரையில் கோடு இருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது, உச்சம் வரவில்லை. பிழைத்தோம் என்று நாற்காலியில் சரிந்தாள். அப்போதுதான் கவனித்தாள். குழந்தை அசையவில்லை.

கிரகணம் விடும்வரை அவள் ஒரு கையால் சுருளை மாற்றினாள், ஒரு கையை வயிற்றைவிட்டு எடுக்கவில்லை. மருதப்பன் தரையில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.  வேலை முடிந்து, பஸ்ஸில் வீடு திரும்பும் வழியில்தான் குழந்தை மெல்லப் புரண்டது. அவள் பஸ் என்றும் பாராமல் அழுதாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேராசிரியர் திரும்பி வந்து படச்சுருளைப் பார்த்து, நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் உச்சம் அருமையாக விழுந்திருக்கிறது என்றார். பட்டம் வாங்க இது போதும் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்கு அந்தச் சந்தோஷம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. கோடுகளை அளந்து வரைபடம் போடும்போதெல்லாம் கோட்டின் வளைவு ஒரு பிளந்த உதடாகத் தெரிந்தது. கூட்டத்துக்காரர்கள் மருதப்பனைத் தேடி வந்தார்கள். சொன்னபடி செய்தீர்களே, அதை மேடையில் பேசுங்கள் என்றார்கள். "புள்ள பொறக்கட்டும், அப்புறம் பேசுறேன்" என்று அவர் நழுவிக்கொண்டே இருந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆனி மாதத்தில், கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் வலி எடுத்துப் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். சிவகாமசுந்தரி கண்ணைத் திறக்கவில்லை. மூன்றாம் மாதம், கூடிவிட்ட உதடு, மருத்துவ நூலகத்துப் படங்கள், ஒன்றும் உதவிக்கு வரவில்லை. கண்ணை மூடியபடியே விரலை நீட்டி, தடவித் தடவி மூக்கைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கீழே இறக்கினாள். உதடு வழவழவென்று முழுசாக இருந்தது. இன்னொரு முறை தடவினாள். குழந்தை விரலைச் சப்ப ஆரம்பித்தது.

பார்வை நேரத்தில் மருதப்பன் வந்தார். அவரும் முதலில் பார்த்தது வாயைத்தான். பார்த்தவர் நிமிர்ந்தபோது பழைய மனிதராக மாறியிருந்தார். நெஞ்சு விரிந்திருந்தது.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. புள்ளையோட போட்டோவக் காட்டி ஒரு பிடி பிடிக்கிறேன் பாரு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உதடு பிளந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மருதப்பன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தார். மேடையில் அவர் ஆயிரம் பேசலாம், ஆனால் பெண்டாட்டியிடம் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"உன்னைத்தான் குத்தம் சொல்லியிருப்பேன்" என்றார்.

சிவகாமசுந்தரி குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இத்தனை மாதமாக அவள் பயந்தது அந்தப் பதிலுக்குத்தான்.