மூடி வைத்த வழக்கு

அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் அறையில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. வீடு பற்றி எரிகிறது என்று அலறுகிறவர்கூட அவளிடம் இரண்டு வார்த்தை பேசியதும் முகவரியைத் திருத்தமாகச் சொல்லிவிடுவார்.

ஊழியர்கள் எல்லோருடைய குற்றப் பின்னணியையும் மறுபடி சரிபார்க்கப் போவதாக உத்தரவு வந்தபோது அவள் பதறவில்லை. பதினேழு வயதில் அவள்மேல் ஒரு வழக்கு இருந்தது. அம்மாவின் இரண்டாவது கணவன் தங்கையிடம் கை வைத்ததைப் பார்த்து, கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியால் அவனை அடித்திருந்தாள். தோள் எலும்பு உடைந்தது. அவள் வயதையும் காரணத்தையும் பார்த்த நீதிபதி, வழக்கை முத்திரையிட்டு மூடச் சொல்லிவிட்டார். வேலைக்குச் சேர்ந்தபோதே மேலிடம் அதைப் பார்த்து, தடையில்லை என்று முடிவு செய்திருந்தது.

இந்த முறையும் சரிபார்ப்புப் பிரிவு அதிகாரி எல்லாம் சரி, போகலாம் என்றார். ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

அந்த வாரமே கேன்டீனில் ஜீப் டிரைவர் அவளைக் கண்டதும் ஒதுங்கி நின்றான்.

"உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணுமாம்க்கா. இஸ்திரிப் பெட்டி பறந்து வருமாம்."

சுற்றி இருந்தவர்கள் டீ டம்ளருக்குள் சிரித்தார்கள். யார் சொன்னது என்று அவனைத் தனியாக இழுத்துக் கேட்டாள். அதிகாரிதான் சாப்பாட்டு மேசையில் வாய்க்கு ருசியாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றான். தங்கையின் விஷயத்தையும் சேர்த்து.

தன்னோடு போயிருந்தால் மென்று முழுங்கியிருப்பாள். பேச்சு அலுவலகத்தைத் தாண்டி, தங்கையின் நாத்தனார் காதுவரை போய்விட்டது. தங்கை போனில் அழக்கூட இல்லை.

"என் வீட்டுக்காரர்கிட்ட நானே ஒரு நாள் சொல்லணும்னு இருந்தேன்க்கா. எப்போ, எப்படின்னு நான் முடிவு பண்ண வேண்டியது அது. இப்போ அவரோட அக்கா சோறு போட்டுக்கிட்டே அவர்கிட்ட சொல்லிட்டாங்க."

கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதே என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு ரேடியோவுக்கு அந்த அதிகாரியை ஒழித்துக்கட்டுவதைத் தவிர வேறு நினைப்பில்லை. அதற்கு வழியும் இருந்தது. முந்தின வருடம் அவருடைய மனைவி அவசர எண்ணுக்குக் கூப்பிட்டபோது எடுத்தவள் இவள்தான். கணவன் பெல்ட்டால் அடிப்பதாக மூச்சிறைக்கச் சொன்ன அந்தப் பெண், போலீஸ் வாசலுக்குப் போனதும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாள். பதிவான குரல் கணினியில் பத்திரமாக இருந்தது. கேன்டீனில் ஒரே ஒரு முறை ஓடவிட்டால் போதும், மனிதன் தலை காட்ட முடியாது.

தேடும் இடத்தில் அந்த வீட்டு முகவரியைத் தட்டினாள். விரல் அதற்குமேல் நகரவில்லை. அதைக் கேட்டு ஊர் சிரித்தால், வீட்டுக்குப் போய் அவர் யார்மேல் பெல்ட்டைக் கழற்றுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் நம்பிச் சொன்னது ஒரு குரலிடம், கேன்டீனிடம் அல்ல. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். வயிற்றெரிச்சல் மட்டும் அழியவில்லை. அதோடு எழுந்து நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் யாரையும் பகைத்துக்கொள்ளாமலே தலைமுடி நரைத்தவர். அதிகாரி இந்த அறைக்குள் வந்து மன்னிப்புக் கேட்பார், காதும் காதும் வைத்தாற்போல முடித்துக்கொள்ளலாம் என்றார்.

"சொன்னது கேன்டீன்ல சார். மன்னிப்பு மட்டும் ஏன் ரூமுக்குள்ள? எனக்கு மன்னிப்பே வேண்டாம். மூடின வழக்கை வெளிய சொன்னா அது குற்றம். நான் போலீஸுக்குப் போறேன்."

சாட்சி சொல்ல டிரைவர் முதலில் நழுவினான். உன்னுடைய சரிபார்ப்பும் அதே மேசைக்குத்தான் போகும், அங்கே உன்னைப் பற்றி ஒன்றுமே இல்லையா என்று கேட்டாள். இளவயதில் குடித்துவிட்டு ஒருவனை அடித்துக் காவல் நிலையத்தில் கிடந்தது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவன் வந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதிகாரியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்; வழக்கு நீதிமன்றம் ஏறியது.

தீர்ப்பு நெருங்கியபோது அவர் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"தண்டனைன்னு ஆயிட்டா என் பேர்ல குற்றப் பதிவு விழுந்துடும்மா. எந்த ஆபீஸ்லயும் சேர்க்க மாட்டாங்க. வாபஸ் வாங்கிக்கோ. என் மனைவியும் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"போனது நல்லது," என்றாள். "உங்க பதிவை யாரும் சாப்பிட்டுக்கிட்டே சொல்லிச் சிரிக்க மாட்டாங்க சார். முறையாப் பார்ப்பாங்க. பார்த்துட்டு வேலை இல்லைன்னு சொல்லுவாங்க."

பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியே அவர் நிற்பதைக் கண்ணில் இருந்து மறையும்வரை பார்த்தாள். உள்ளுக்குள் இனித்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

தீர்ப்பு நாளில் அதிகாரி குற்றவாளி என்றார் நீதிபதி. அபராதம், வேலையும் போயிற்று. ரேடியோ திரும்பியபோது, கடைசி பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் கணவன். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவன் தன் அக்காவிடம் சொல்லிவிட்டதை ரேடியோவிடம் பிறகுதான் சொன்னார்கள்.

தங்கை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"இது அந்த அதிகாரிக்குப் பத்தாதுக்கா."

"பத்தாதுதான்," என்றாள் ரேடியோ.

மூவரும் படியிறங்கி வெயிலுக்குள் நடந்தார்கள்.