ஹன்னா என்று மூன்று முறை

"நெஞ்சுக்கு நேரா வரணும்மா. ரோஸ் கலர் நூலு. இங்கிலீஷ் எழுத்துல போட்ரு" என்றபடி வெள்ளைக் கவுனை மேசைமேல் விரித்தார் விஜயகுமாரி.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் சாஹிராவின் தையல் கடைக்குச் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சீருடை தைப்பாள், குழந்தைகளின் உடுப்பில் பேர் பின்னிக் கொடுப்பாள். விஜயகுமாரி இருபத்தோராம் பிளாக்கு குவார்ட்டர்ஸ். தென்காசிப் பக்கத்து ஆள். இரண்டு வருஷ வாடிக்கை.

"பேரை எழுதிக் குடுங்கக்கா."

"எழுதவே வேண்டாம். லேசான பேருதான். ஹன்னா ஸ்ரீ."

சாஹிரா சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு ரோஸ் நூலைத் தேடினாள். நூல்கண்டு கண்ணெதிரிலேயே இருந்தது.

"யாருங்கக்கா வெச்சது?"

"என் மருமக கிருஷ்ணப்ரியாதான். புள்ள வயித்துல இருக்கும்போதே போன்ல தேடித் தேடி வெச்சிட்டா. நான் குலசாமி பேரு வைக்கச் சொன்னேன். 'அத்தே, இப்ப இதுதான் டாப்பு. இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, முன்னாலயிருந்து படிச்சாலும் பின்னாலயிருந்து படிச்சாலும் ஒண்ணுதான்'னா. என்ன பாஷைட்டின்னு கேட்டேன். ஹீப்ருவாம். அந்த ஊரு எந்தத் திசையில இருக்குன்னு கேட்டேன். அவளுக்கும் தெரியல. சரி, நம்ம சாமி கோவிச்சிக்கக் கூடாதேன்னு பின்னால ஒரு ஸ்ரீ போட்டுக்கிட்டோம்."

"அர்த்தம் சொன்னாங்களா?"

"அருளாம். அப்ப அருள்செல்வின்னே வெச்சிருக்கலாம்லா? கேட்டா சிரிக்கா. இதுல கூத்து என்னன்னா, எல்.கே.ஜி.யில அதே பேருல மூணு புள்ளைக. மிஸ்ஸு நம்பர் போட்டுக் கூப்புடுதாளாம். நம்ம வீட்டுது ஹன்னா டூ." விஜயகுமாரி தானே சிரித்துவிட்டுக் கேட்டார்: "உனக்குப் பிள்ளைங்க எத்தனம்மா?"

"இல்லீங்கக்கா."

அப்படிச் சொல்லிவிடுவது எளிது. இருந்தது என்று சொன்னால் அதற்குப் பிறகு பத்துக் கேள்வி வரும்.

அவள் பெற்றதும் ஒரு ஹன்னாதான். மூன்றரை வயதில், ஒரு ஐப்பசி மாதத்துக் காய்ச்சலில், நான்கே நாளில் போய்விட்டாள். ஆறு வருஷம் ஆகிறது.

கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தையில்லாமல் இருந்தவள் சாஹிரா. வெள்ளிக்கிழமை பெண்களுக்கான பயானில், மார்க்கச் சொற்பொழிவில், நைனா முகமது ஹஜ்ரத் ஒருநாள் குர்ஆனில் வரும் இம்ரானின் மனைவியைப் பற்றிச் சொன்னார். வயதான காலம்வரை குழந்தையில்லை. மரத்தில் ஒரு பறவை தன் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்த்து அழுது துஆ கேட்டார். பிறந்தவர்தான் மரியம். அழுத அந்தத் தாயின் பேர் ஹன்னா. சாஹிரா அன்று வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள்.

மாமியார் சித்தீகாதான் முதலில் முகம் சுளித்தாள்.

"என்னாடி பேரு இது, வாய்ல நிக்கவே மாட்டேங்குது?"

"மரியம் அம்மாவப் பெத்தவங்க பேருங்க மாமி. இப்ராணி பாஷையாம், ஹீப்ருங்கறாங்களே அது."

"பெத்தவளோட பேர வெக்கிறதுக்கு, பேசாம மரியம்னே வெச்சிட்டுப் போயேன். தெருவுக்கு நாலு மரியம் இருக்குது, கூப்புடவும் சுளுவு."

"அதான் வேணாங்கறேன் மாமி. இவளக் கூப்புட்டா இவ மட்டும்தான் திரும்பணும்."

அப்படித்தான் இருந்தது. ஊரில் வேறு ஹன்னா கிடையாது. கீரை விற்கிற மாணிக்கம்மாள் மட்டும் "அன்னம்மா, ஆயாவுக்கு ஒரு முத்தம் குடு" என்பாள். மற்றபடி அந்தப் பேர் ஒரே ஒரு குழந்தைக்கு உரியதாக இருந்தது.

அவள் போன பிறகு எங்கிருந்தோ வந்து குவிந்தன. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் கேக்கின்மேல் ஹன்னா. ஆட்டோவின் பின்னால் ஹன்னா. வாரச்சந்தைக் கூட்டத்தில் யாரோ "ஏய் ஹன்னா!" என்று அதட்டினால் சாஹிரா வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிடுவாள்.

ஸ்ரீயையும் சேர்த்துப் பின்னி முடித்து, நூலைக் கடித்து அறுத்து, கவுனை மடித்துக் கொடுத்தாள்.

"கை நல்லா ஓடுதும்மா உனக்கு" என்றார் விஜயகுமாரி.

வீட்டில் நாத்தனார் பாயிஜா பிரசவித்து ஆறு நாளாகியிருந்தது. தாய்வீட்டில் நாற்பது நாள் இருப்பாள். மறுநாள் ஏழாம் நாள். குழந்தைக்கு மொட்டை போட்டுப் பேர் வைக்கவேண்டும். இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ரத் துஆ ஓதி முடித்ததும் குழந்தையின் மாமி, அதாவது தாய்மாமன் மனைவி, மடியில் வாங்கிக் காதில் மூன்று முறை பேரைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கூப்பிடலாம்.

சாஹிரா மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது சித்தீகா உரித்த பூண்டை முறத்தில் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"பேரு முடிவாயிடுச்சும்மா."

"என்ன பேருங்க மாமி?"

"நம்ம புள்ள பேருதான். ஹன்னா." சித்தீகா முறத்தை நகர்த்தினாள். "மாப்பிள்ளை ரைஹானும் சரின்னுட்டாரு. அவுரு ஆபீஸ்ல ரெண்டு பேரு புள்ளைக்கு அதே பேராம், இப்ப எல்லாரும் வெக்கிற பேருதானேன்னாரு. நம்மளுக்கு அப்படியா? போன புள்ள இந்த வூட்டுக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கும். நீதான புள்ளைக்கு மாமி, நாளைக்கு நீதான் சொல்லணும். சந்தோசமாச் சொல்லும்மா."

"என்னால ஆவாதுங்க மாமி."

"என்னா ஆவாது? நீ ஆசயா வெச்ச பேருதானே?"

"அதான் ஆவாதுங்கறேன்."

"அப்ப நாளைக்கு வர்றவங்கள்லாம் என்னா பேசுவாங்க? இவளுக்குப் புள்ள இல்ல, அடுத்தவ புள்ளைக்குப் பேரு சொல்ல வாய் வரலன்னு பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். யோசனை சொன்னதே உன் புருசன்தான், தெரிஞ்சிக்க."

சாஹிரா தட்டை மூடி வைத்துவிட்டாள்.

அவள் கணவன் அஃப்சலுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு ஹெல்மெட்டும் கையுமாக வந்தவனைச் சாஹிரா கொல்லையில் துணி காயும் கொடியருகிலேயே நிறுத்தினாள்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

அவன் எதை என்று கேட்கவில்லை.

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"கேட்டா வேணாம்னுருவ."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க. நம்ம புள்ள எடத்துல இன்னொரு புள்ளைய உக்கார வெக்கிறதுக்கா?"

"யாரையும் எங்கியும் உக்கார வெக்கல." அஃப்சல் ஹெல்மெட்டைத் துவைகல்லின்மேல் வைத்தான். "ஆறு வருசமாச்சு சாஹிரா. இந்த வூட்ல அந்தப் பேர யாரு வாய்லயாவது கேட்டிருக்கியா? அம்மா 'போன புள்ள'ன்னு சொல்லிக்கினு இருக்குது. பாயிஜா அதுகூடச் சொல்றதில்ல. நான் எதனா ஆரம்பிச்சா நீ மிசின மிதிக்க ஆரம்பிச்சிடுற."

"சொல்லி என்ன ஆவப்போவுது?"

"போன மாசம் பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளு 'ஹன்னா, ஓடாத'ன்னு கத்தினாரு. திரும்பிட்டேன். ஏதோ பச்சப் பாவாடை போட்ட புள்ள. ஷிப்டு பஸ்ஸு வந்து நிக்குது, எனக்குக் கால் போவல. அடுத்த பஸ்ல போயி மேஸ்திரிகிட்ட பேச்சு வாங்கினேன்."

"எங்கிட்ட சொல்லவேயில்ல."

"எங்க சொல்ல? எனக்குக் கூப்புடணும்டி. வேலவிட்டு வந்து செருப்பக் கழட்டும்போது அந்தப் பேர ஒருவாட்டி கூப்புடணும். அவ்ளோதான் கேக்கறேன்."

"அது அவ பேருங்க" என்றாள் சாஹிரா. "சட்ட, செருப்பு, தண்ணி பாட்டிலு எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தாச்சு. அவள அடக்குன மண்ணு மேல ஒரு கல்லுகூடப் பேரு போட்டு வெக்கல. ஊரெல்லாம் அந்தப் பேர எடுத்துக்கிச்சு. இந்த வூட்டுக்குள்ளயாவது அது அவளோடதா இருக்கட்டும்னு பாக்கறேன். எங்கிட்ட மிச்சமிருக்கிறது அது ஒண்ணுதான்."

"உங்கிட்ட மட்டும்தான் இருக்குதா?" என்று கேட்டான் அஃப்சல்.

அவள் கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பாதி இன்னும் காயவில்லை.

மறுநாள் காலையில் பாயிஜா அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் பிரியாணிச் சட்டி உருளும் சத்தம்.

"அண்ணி, நீ ஒத்துக்கலன்னு அம்மா சொல்லிச்சு."

"ஆமா."

"அப்படியே இருந்துடு அண்ணி. நீ வேணாம்னா யாரும் மீறமாட்டாங்க. நான் ரிஃபானான்னு ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்."

சாஹிராவுக்கு மூச்சு இலேசானது. நேற்றிலிருந்து தன் பக்கம் பேசிய முதல் ஆள் இவள்தான். "நீயாவது என் மனசப் புரிஞ்சிக்கினியே."

"உன் மனசும்தான்." பாயிஜா தொட்டில் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு பயமா இருக்குது அண்ணி. தப்பா எடுத்துக்காத. மூணர வயசுல போன புள்ளையோட பேரு. இதுக்கும் எதனா ஆயிட்டா? ராசியில்லாத பேருன்னு தெரிஞ்சும் எப்படி வெக்கிறது?"

"என்ன சொன்ன?"

"இல்ல அண்ணி..."

"பேருக்கு என்னடி ராசி? கொசு கடிச்சிது. காய்ச்சல் வந்துது. பேரு வந்தா அவளக் கொன்னுச்சு?"

"மெதுவாப் பேசு அண்ணி, கேக்கப்போவுது."

"கேக்கட்டும். பொறந்தப்ப இந்த வூட்ல எத்தன பேரு அந்தப் பேரச் சொல்லிக் கொஞ்சினாங்க? நீ எத்தன வாட்டி இடுப்புல தூக்கிக்கினு போயி ஐஸ் வாங்கிக் குடுத்த? அப்பல்லாம் ராசி இருந்துச்சா? ஊர்ல எத்தன ஹன்னா இருக்குது தெரியுமா உனக்கு? எல்.கே.ஜி.யில ஒரே வகுப்புல மூணு இருக்குது. அதுல ஒண்ணு இருபத்தோராம் பிளாக்கு. நேத்து அதுக்குக் கவுனு பின்னிக் குடுத்தேன். எல்லாம் ஓடுதுங்க, விழுதுங்க, மிஸ்ஸுகிட்ட அடி வாங்குதுங்க. எதுக்கும் ஒண்ணும் ஆவல. எம் பொண்ணு அந்தப் பேரக் கெடுத்து வெச்சிட்டுப் போவல."

பாயிஜா அழ ஆரம்பித்தாள். "அவ கெடுத்தான்னு நான் சொல்வேனா அண்ணி? என் தோள்ல தூங்கின புள்ள."

தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. இருவரில் யாரும் உடனே எழவில்லை. பிறகு சாஹிராதான் எடுத்தாள். ஆறு நாளாகத் தொட்டிலைத் தாண்டிப் போனதோடு சரி. இதுவரை அவள் தூக்கியதில்லை. கழுத்து நிற்காத குழந்தையைப் பிடிக்கும் விதம் கைக்கு மறந்திருக்கவில்லை.

"ரிஃபானா வேணாம்" என்றாள்.

பதினொரு மணிக்கு நைனா முகமது ஹஜ்ரத் வந்தார். நாவிதர் முடியிறக்கி, தலையில் சந்தனம் பூசியாயிற்று. தெரு ஜனங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடத்துப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். துஆ முடிந்ததும் சித்தீகா குழந்தையைக் கொண்டுவந்து சாஹிராவின் மடியில் வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. எங்கே எழுந்து போய்விடுவாளோ என்று மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாஹிரா குனிந்தாள். சந்தன வாசமும் பால் வாசமும் அடித்தன.

"ஹன்னா."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஹன்னா."

இரண்டாவது முறை, இத்தனை நாள் தொண்டையில் இருந்தது நாக்குக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. மூன்றாவது முறை சொல்லுமுன் நேரமானது. யாரோ இருமினார்கள். பாயிஜா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஹன்னா" என்றாள் சாஹிரா, கூடத்துக்கே கேட்கும்படி.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹஜ்ரத். "அருள்னு அர்த்தம். நல்ல பேரு. இந்த வருசம் மட்டும் இந்தப் பேருக்கு நான் ஏழு வூட்ல துஆ ஓதிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சித்தீகா குழந்தையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்ற அஃப்சலின் கையில் கொடுத்தாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, காலையிலிருந்தே யாரிடமும் பேசாமல் நின்றிருந்தான்.

"இந்தாப்பா மாமு. இப்ப நீ கூப்புடு. பேரச் சொல்லிக் கூப்புடு."

அஃப்சல் குழந்தையை முகத்துக்கு நேராகப் பிடித்தான். உதடு அசைந்தது.

"பா... பாப்பா" என்றான்.

"பேரு வெச்ச ஒடனே மறந்துட்டியாப்பா?" என்று பாயிலிருந்து ஒரு பெண் கேலி செய்தாள். "மாமு காதுக்கும் மூணு வாட்டி சொல்லணும் போல!"

அவன் சிரிக்கப் பார்த்தான். மறுபடி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஆறு வருஷம் அந்தப் பேருக்காகக் காத்துக்கொண்டிருந்த மனுஷன், ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல், குழந்தையின் மொட்டைத் தலைக்குமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.

பாயில் சிரிப்பு நின்றுவிட்டது. சாஹிரா எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"குடுங்க, நான் வெச்சிக்கறேன்."

அவன் கொடுக்கவில்லை.

"நீ சொல்லு" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"சொல்லிட்டேங்க."

"எனக்குச் சொல்லு."

அவள் அவன் காதருகில் போய்ச் சொன்னாள்.