டீசலில் கழுவிய வலை

மலேசியாவின் ஜொகூரில், மாசாய் ஊரில், எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் டொரத்தி வேலை பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஜொகூர் நீரிணையில் கறுப்பு எண்ணெய் பரவி, கடலில் மீன் வளர்க்கும் திருச்செல்வத்தின் மிதவைக் கூண்டுகளுக்குள் புகுந்தது. சியாக்காப் என்னும் கொடுவா மீன்கள் ஆயிரத்து இருநூறும் செத்து மிதந்தன. மறுநாள் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரிகளோடு டொரத்தி போனபோது, தண்ணீரில் இருந்த எண்ணெயை நீரோட்டம் கொண்டுபோயிருந்தது. வலையில் கொஞ்சமாக எஞ்சி ஒட்டியிருந்ததை மட்டும் சுரண்டி எடுத்தாள்.

எதிரே மூன்று கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. அதிகாரிகள் மூன்றிலும் ஏறி எண்ணெய் மாதிரி எடுத்து வந்தார்கள். எந்தக் கப்பலின் எண்ணெய் என்று காட்டினால்தான் அதன் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தரும். நம் கடலில் நிற்கும் கப்பலைச் சான்று இருந்தால் பிடித்து வைக்கலாம். ஆழ்கடலுக்குப் போய்விட்டால், அது எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ, பெரும்பாலும் அந்த நாட்டுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்றில் ஒன்று வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புறப்பட இருந்தது.

எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. ஆதி உயிர்கள் மக்கி எண்ணெயானபோது உண்டான சில மூலக்கூறுகள் வெயிலிலும் அலையிலும் எளிதில் சிதைவதில்லை. அவை கலந்திருக்கும் விகிதம் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கருவி, மாதிரியைச் சூடாக்கி முடிபோல் மெல்லிய நீண்ட குழாய்க்குள் அனுப்பும். இலேசானவை முதலில் வெளியே வரும், கனமானவை பின்னால். ஒவ்வொன்றும் திரையில் ஒரு முள்ளாக எழும். இரண்டு மாதிரிகளின் முட்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால், இரண்டும் ஒரே எண்ணெய்.

வியாழன் காலை பதினோரு மணிக்குப் பார்த்தாள். பின்வரிசை முட்கள் புறப்படவிருந்த கப்பலோடு அப்படியே பொருந்தின. முன்வரிசையில் மட்டும் ஒரு திமில் புடைத்துக்கொண்டு நின்றது. அந்தத் திமிலை அவளுக்குத் தெரியும். உடனே திருச்செல்வத்தை அழைத்தாள்.

"திரு அண்ணே, வலையில ஏதாச்சும் ஊத்தினீங்களா?"

"டீசல் போட்டுக் கழுவினேன். வொர்க்‌ஷாப்ல கை கழுவறது அப்படித்தானே லா. அந்தச் சனியன் சோப்புல போகுமா? ஆபீசருங்க வர்ற இடம் நாறக்கூடாதுல்ல."

"கழுவாத இடம் ஏதாவது இருக்கா? மிதவை டிரம் அடியில?"

"புரட்டிப் போட்டுத் தேய்ச்சேன்மா. பக்கத்துக் கூண்டு வீரமுத்துகிட்ட டீசல் இல்ல, அவனுக்கும் ரெண்டு டின் கொடுத்தேன்."

டொரத்தியின் முடிவை இலாகா தெரிவித்ததும், கப்பலின் முகவர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: அது மீன்காரர்களின் படகு எண்ணெய். தூய மாதிரி இல்லாமல் கப்பலை நிறுத்த முடியாது என்று அதிகாரி சொன்னார்.

டொரத்தி ஓர் அதிகாரியோடு படகேறினாள். அங்கே திருச்செல்வமும் சேர்ந்துகொள்ள, டீசல் படாத எண்ணெய்க்காக மூவரும் கூண்டு கூண்டாகத் தேடினார்கள். எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"செத்த மீனெல்லாம் எங்கண்ணே?"

"நாத்தம் தாங்காம எரிச்சாச்சு. கணக்குக் காட்ட ரெண்டு மட்டும் ஐஸ் பெட்டியில கெடக்கு. அதையும் டீசல் துணியால துடைச்சுத்தான் வெச்சேன்."

"அலமாக், மீனையுமா?"

பெட்டியைத் திறந்து மீனின் செவுள் மூடியைத் தூக்கினாள். துணி எட்டாத அந்தச் சிவப்பு மடிப்புகளுக்குள் கறுப்பாக அப்பியிருந்தது. கண்ணாடிக் குப்பியில் எடுத்து, அதிகாரி முன்னிலையில் முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கினாள். ஆய்வகம் திரும்பியபோது மணி மூன்று.

குழாயில் எண்ணெய் ஊர்ந்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் முட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டொரத்தி காத்திருந்தாள்.

நாலரைக்கு முட்கள் முதலிலிருந்து கடைசிவரை பொருந்தி நின்றன. கப்பல் நாலு மணிக்கே நங்கூரத்தைத் தூக்கி, நம் கடல் எல்லையைத் தாண்டியிருந்தது.

ஆய்வகத்துக்கு வந்த திருச்செல்வம் அறிக்கையை வாங்கிப் பார்த்தார்.

"அது எந்த நாட்டுக் கொடி?"

சொன்னாள்.

"அங்க கடல் இருக்கா?"

"இல்லண்ணே. கடலே இல்லாத நாடும் கப்பலுக்குக் கொடி குடுக்கலாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இங்க டீசல்னு போட்டிருக்கே, அது நான்தானே?"

"ஆமாண்ணே. அதை எழுதாம விட முடியாது."

"சரிதான். அதுக்கு யாரும் எந்த நாட்டுக்கும் லெட்டர் போட வேணாம்," என்றார் திருச்செல்வம். "நான் இங்கதான இருக்கேன்."