தலை மண்ணில் படாமல்

வலது தோள் மரத்துப்போயிருந்தது. இடது தோளுக்கு மாற்றினால் அது பச்சைப் புண்ணாக எரிந்தது. தொனாத்தாவின் உடம்பு முப்பது வருடமாக ஆலிவ் மூட்டை சுமந்த உடம்பு. ஆனாலும் விடியலில் காட்டை விட்டுக் கிளம்பிய மரம் மதியத்துக்குள் அவள் எலும்பில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. குடிக்கக் கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற கொத்தனார் ஜெரார்தோ புட்டியைச் சாய்த்து அவள் வாயில் ஊற்றினான். தண்ணீர் இல்லை, ஒயின்.

"இப்பவே காலி பண்ணிட்டா சாயங்காலம் என்னத்தடா குடிப்ப?"

"சாயங்காலம் உசுரோட இருந்தா பாத்துக்கலாம்க்கா."

இத்தாலிய மலையூர் ரிப்பகூபாவில் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று மரங்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஓக் மரம். அதை மாடுகள் இழுத்து வரும். பெண், எதிர்மலைக் காட்டில் நிற்கும் முள்ளிலை மரம். அதை ஆட்கள் தோளில் சுமந்து வர வேண்டும். பெண்ணின் தலை மண்ணில் படக்கூடாது. மாலைக் கோயில் மணி ஓய்வதற்குள் சதுக்கத்துக்கு வந்தாக வேண்டும். அப்புறம் இரண்டையும் சேர்த்துக் கட்டி நிமிர்த்திவிட்டு ஊரே ஆடும்.

சுமக்கத்தான் ஆள் இல்லை. இளவட்டமெல்லாம் தூரினிலும் ஜெர்மனியிலும் இருந்தது. வந்து நின்றவர்களில் இரண்டு பேர் பாட்டுப் பாட மட்டும் லாயக்கு. மாப்பிள்ளை வீட்டுத் தலைவன், மாடுகளுக்குச் சொந்தக்காரன் கானியோ, ஊர்க்கூட்டத்தில் ஒரே போடாகப் போட்டிருந்தான்: இந்த வருடம் மணிக்குள் வராவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து பெண் டிராக்டரில்தான் வருவாள். நிறையக் கைகள் உயர்ந்தன. "டிராக்டர்ல ஏத்த அது என்ன உர மூட்டையா?" என்று கத்தியது தொனாத்தா ஒருத்திதான். கத்தின வாய்க்கே வேலையைக் கொடுத்தார்கள். பெண் வீட்டுக்குப் பொம்பளை தலைமை தாங்குவது இதுதான் முதல் தடவை.

மலைச்சாலை வளைவில் கவட்டைக் கம்புகளை ஊன்றி மரத்தை அதன்மேல் தாங்கவிட்டு எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்க அடைபட்டுக் கிடந்தது. பின்னாலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. மறுபடி அடித்தது.

"கல்யாண ஊர்வலத்துல எவன்டா ஹார்ன் அடிக்கிறது?" என்றாள் தொனாத்தா.

ஆறு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் இறங்கி முடிக்கவே நேரம் பிடித்தது, அவ்வளவு உயரம். ஹாலந்துக்காரர்கள். நரைத்த தலைக்காரி ஹெண்ட்ரிகாவுக்கு மட்டும் இத்தாலிய மொழி பேச வந்தது.

"குகை ஊர் பாக்கப் போனோம். வண்டி நிறுத்தக்கூட இடமில்ல, அவ்வளவு கூட்டம். அதான் மேப்புல பேரே இல்லாத பக்கமாத் திருப்பிட்டோம்."

ஜெரார்தோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்களுக்கெல்லாம் பேர் இருக்கும்மா."

"கொஞ்சம் வழி விடுவீங்களா?"

"பொண்ணைத் தாண்டி யாரும் முன்னால போகக் கூடாது" என்றாள் தொனாத்தா. "பின்னாலயே ஊர்ந்து வாங்க. இல்லன்னா தோள் குடுங்க. தோள் குடுத்தா ராத்திரிச் சாப்பாடு எங்களோடது."

ஹெண்ட்ரிகா மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னாள். அவள் புருஷன் யோஸ்ட், கூரை வேய்ந்து பிழைத்த மனுஷன், மரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டான். அவ்வளவுதான், மற்றவர்களும் மடித்தார்கள். வேனை ஓட்டி வர ஒருவன் மட்டும் மிஞ்சினான்.

ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தொனாத்தா யோசிக்காமல் புதுத் தோள்களைப் பின்னால் நிறுத்திவிட்டாள். "ஏலே, தூக்கு!" மரம் எழுந்தது. இறக்கமான சாலை, பின்னால் கொக்கு மாதிரி நெட்டைகள், முன்னால் குட்டைகள். நடுவில் நின்றவர்களின் தோளுக்கு மரம் எட்டவேயில்லை. ஜெரார்தோ அதைத் தாங்கவில்லை, பிடித்துத் தொங்கினான். கனமெல்லாம் சரிந்து முன்னால் நின்ற தொனாத்தாவின் கழுத்தில் இறங்கியது. பெண்ணின் பச்சைத் தலை குனிந்துகொண்டே போய், மண்ணுக்கு ஒரு சாண் மேலே ஆடியது.

"நிறுத்து! கம்பைக் குடு, கம்பை!"

கவட்டைக் கம்புகள் வந்து தாங்கின. இலை மண்ணைத் தொடவில்லை. தொனாத்தா தன்னையே நாலு வசவு திட்டிக்கொண்டாள்.

"நெட்டைங்க எல்லாம் முன்னால வாங்க. மேடு வந்தா பின்னால போங்க. நடுவுல நிக்கிற குட்டைங்களுக்கு முட்டுக் குடுக்க ஏதாச்சும் வேணுமே, சாக்கு இருக்கா?"

சாக்கு இல்லை. ஹெண்ட்ரிகா வேனுக்குள் புகுந்து, விமானத்தில் கழுத்துக்கு மாட்டிக்கொள்ளும் தலையணைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஜெரார்தோ தோளுக்கு ஊதா நிறத்தில் ஒன்று கிடைத்தது. பூனைப் படம் போட்டது.

"இதைப் போட்டுக்கிட்டு ஊருக்குள்ள நான் எப்படிக்கா வருவேன்?"

"உன்னை யாருடா பாக்கப் போறா? எல்லாரும் பொண்ணைத்தான் பாப்பாங்க."

இந்தத் தடவை மரம் தண்ணீரில் போகும் படகு மாதிரி போனது. பாட மட்டும் லாயக்கானவர்கள் பாடினார்கள். ஹாலந்துக்காரர்கள் வார்த்தை தெரியாமல் இழுத்தார்கள். கடைசி ஏற்றத்தில் நெட்டைகள் பின்னுக்கு ஓடிப்போய் நெம்பித் தள்ளினார்கள். யோஸ்டின் முகம் தக்காளியாகப் பழுத்திருந்தது. ஹெண்ட்ரிகா தன் மொழியில் எதையோ கத்தினாள். நிச்சயம் நல்ல வார்த்தையாக இருக்காது.

அவர்கள் சதுக்கத்துக்குள் நுழைந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்கென்று போட்டிருந்த சாய்மேடையில் மரத்தை வைத்த பிறகுதான் கடைசி மணி விழுந்தது.

கானியோ மாடுகளின் நடுவில் நின்று ஜெரார்தோவின் பூனையையே வெறித்துப் பார்த்தான்.

"செல்லாது சம்பந்தி. வெளியூர் ஆளுங்க தூக்கியிருக்காங்க."

"உன் மாடு எந்த ஊர்ச் சந்தையில வாங்கினது சம்பந்தி?" என்றாள் தொனாத்தா. "நம்மூரா?"

முதலில் சிரித்தது கானியோவின் பெண்டாட்டி. அப்புறம் சதுக்கமே சிரித்தது. கானியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு ஒரு குவளை ஒயினை நிரப்பித் தொனாத்தாவின் கையில் தராமல் உதட்டிலேயே வைத்தான். அவள் கை எழாது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. டிராக்டரைப் பற்றி அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவும் ஆட்டுக்கறியும் மொறுமொறு மிளகாயும் பெஞ்சு பெஞ்சாக வந்தன. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாய் வானத்தில் நிமிர்ந்தார்கள். யோஸ்ட் கானியோவின் பெண்டாட்டியோடு ஆடினான். அவள் அவன் இடுப்புக்குத்தான் இருந்தாள்.

"பொண்ணுக்குத் தோள் குடுத்தவங்களுக்கு நாங்க திருப்பித் தோள் குடுக்கணும்" என்று தொனாத்தா ஹெண்ட்ரிகாவிடம் சொன்னாள். "கூரையோ அறுவடையோ, எதுவானாலும் சரி. அதுதான் எங்க வழக்கம். என்ன வேலை இருக்கு, சொல்லு."

ஹெண்ட்ரிகா விளையாட்டு என்று நினைத்தாள். தொனாத்தாவின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

"வீட்டு வாசல்ல கால்வாய். குளிருக்கு முன்னால படகைக் கரையேத்தணும். அக்கம்பக்கம் எல்லாம் எங்க வயசுக்காரங்கதான்."

"என்ன கனம் இருக்கும்?"

"மூணு பொண்ணு கனம்."

"வர்றோம்."

அந்த வருடம் குளிருக்கு முன்னால் ஆலிவ் அறுவடை குறுக்கே வந்தது. அடுத்த வருடம் ஜெரார்தோவின் முட்டி வீங்கிப் போக விடவில்லை. தொனாத்தா இன்னும் விமானம் ஏறவில்லை. ஹெண்ட்ரிகா வீட்டுப் படகுக்கு ஒரு முழு நாள் தோள், ரிப்பகூபா இன்னும் கடன்பட்டிருக்கிறது.